கொடிக்காலைப் பார்த்துப் பெகோனியா வளர்

ஏட்டி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் போய்விட்டுத் திரும்பும்போது, ரோஜா மாதிரி அடுக்கடுக்காகப் பூத்து நிற்கிற பெகோனியாவைப் பார்த்து மயங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து ஆத்தூர் வரைக்கும் கொண்டுவருவாயே, அதை இனிமேல் செய்யாதே. நானும் செய்தவள்தான். பத்தே நாளில் தண்டு கூழாகி, தொட்டியில் நாற்றம் மட்டும் மிஞ்சியது. அது கிழங்கு வைக்கிற ஜாதி. ஏழாயிரம் அடி உயரத்தில், ராத்திரிக் குளிரில் சுகமாக இருந்தது. இங்கே சித்திரை ராத்திரியில் ஃபேன் நின்றால் நமக்கே தூக்கம் வராது, அது என்ன செய்யும்?

அதற்காக "நம்ம ஊருக்குப் பெகோனியா ஆகாது" என்று முடிவு கட்டிவிடாதே. வெற்றிலை வருகிற ஊரில் பெகோனியா வரும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அந்தக் கொடிக்காலுக்குள் ஒரு நாள் காலையில் போய் நின்று பார். முதலில் அகத்தியை விதைத்து, அது வளர்ந்து நிழல் கட்டிய பிறகுதான் கொடியை நடுவார்கள். மேலே சல்லடை வெயில், உள்ளே குளிர்ந்த காற்று, காலடியில் ஈரம். ஆனால் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிக் கொடி வாடிவிடும். பெகோனியாவுக்கும் இதே ஜாதகம்தான்.

1. நிழல் முதலில், செடி பிறகு. செடியை வாங்கிவந்து வைத்துக்கொண்டு இடம் தேடாதே. கிழக்கு பார்த்த திண்ணை, கிணற்றடி, முருங்கை நிழல் எல்லாம் நல்ல இடம். காலை எட்டரை, ஒன்பது மணி வரை வெயில் பட்டால் போதும். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். மேற்குச் சுவர் ஓரமும் வேண்டாம், சாயங்காலம் வரை அந்தச் சுவர் அடுப்பு மாதிரி கொதிக்கும். வேறு இடமே இல்லை என்றால் பச்சை நிழல்வலையை, பாதி வெயிலையாவது தடுக்கிற ரகமாகக் கேட்டு வாங்கிக் கட்டு.

2. கச்சான் காற்றை மறக்காதே. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கிற அந்த வறண்ட காற்றில் ஒரே மத்தியானத்தில் இலை ஓரம் கருகிவிடும். அந்த இரண்டு மாசமும் தொட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி, சுவர் மறைவில் கூட்டமாக வை. ஒன்றின் ஈரம் இன்னொன்றைக் காக்கும்.

3. ஜாதி பார்த்து வாங்கு.

- கேன் பெகோனியா: மூங்கில் மாதிரி கணுக்கணுவான தண்டு, இறக்கை மாதிரி இலை, சிலதில் வெள்ளிப் பொட்டு. முதல் செடி இதுதான். கொஞ்சம் மறந்தாலும் மன்னிக்கும்.
- மெழுகு இலைப் பெகோனியா: சின்னச் செடி, எப்போதும் பூ. கார்த்திகையில் வைத்தால் பங்குனி வரை அழகு. கோடையில் போனால் அழாதே.
- ரெக்ஸ்: அசாம் பக்கத்து மலைச்செடி. பூவுக்கு இல்லை, இலைக்கு. கேன் ஒரு வருஷம் உன் கையில் பிழைத்த பிறகு இதை வாங்கு.

4. மண். தேரி மண் சிவப்பாக இருக்கிறதே என்று செம்மண் நினைப்பில் அள்ளி வராதே. அது மணல், தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது. கடற்கரை மணலும் கூடாது, உப்பு. ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கின தொழுஉரம், ஒரு பங்கு தென்னைநார்க்கழிவு, கைப்பிடி ஆற்றுமணல். நார்க்கழிவை மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், அதிலும் உப்பு உண்டு. பெகோனியா வேர் மேலாகவே ஓடும், ஆகவே அகலமான, ஆழமில்லாத மண்தொட்டி போதும். சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி வைத்தால் வேர் படாத மண்ணில் ஈரம் தங்கி அழுகல்தான் வரும்.

5. தண்ணீரில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நம் பக்கம் நிறைய போர்களில் சவர்த்தண்ணி. இலை நுனியும் ஓரமும் காய்ந்து, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தால், "வெயில் அடிச்சிருச்சு" என்று செடியை இடம் மாற்றிக்கொண்டே இருக்காதே. அது உப்பு. மழைத்தண்ணீரைப் பிடித்து வை. இல்லாவிட்டால் குடிக்கிற தண்ணீரில் ஒரு செம்பு கொடு. ஏசி வைத்திருந்தால் அதிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது, வாளி வைத்துப் பிடித்துக்கொள். ஆனால் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை ஊற்றிவிடாதே. வடிகட்டின உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. சிக்கனம் என்று நினைத்து இப்படிச் செடியைக் கொன்றவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

தினமும் ஊற்ற வேண்டும் என்று சட்டம் இல்லை. விரலை ஒரு கணு அளவு மண்ணுக்குள் விடு. காய்ந்திருந்தால் ஊற்று, ஈரமாக இருந்தால் கையைத் துடைத்துக்கொண்டு வேறு வேலையைப் பார். காலையில், தண்டின் அடியில் ஊற்று. இலை மேல் ராத்திரி ஈரம் நின்றால் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை வரும். வாடித் தொங்குகிற செடி எல்லாம் தாகத்தில் தொங்குவதில்லை. மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம், அதற்கு மேலும் ஊற்றினால் கதை முடிந்தது.

6. ஒன்றைப் பத்தாக்குவது. இதுதான் எனக்குப் பிடித்த வேலை. ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்த பிறகு கார்த்திகையிலிருந்து மாசிக்குள் செய். சித்திரையில் ஆரம்பித்தால் வேர் வருவதற்கு முன்னால் தண்டு வெந்துவிடும்.

*கேன் ஜாதிக்குத் தண்டு.* வெற்றிலைக்கொடி நறுக்குகிற அதே கணக்கு. முற்றலும் இல்லாமல் தளிரும் இல்லாமல், பூ இல்லாத தண்டாக மூன்று கணு. சுத்தமான பிளேடால் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு. அடி இலைகளைக் கிள்ளிவிடு, மேலே ஒன்று போதும், பெரிய இலையாக இருந்தால் அதையும் பாதியாக நறுக்கு. கண்ணாடி டம்ளரில் இரண்டு அங்குலத் தண்ணீரில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்று. இரண்டு வாரத்திலிருந்து நாலு வாரத்துக்குள் வேர் விடும். ஓர் அங்குலம் வந்ததுமே மண்ணுக்கு மாற்று. "இன்னும் நீளட்டும்" என்று அழகு பார்த்தால் நடும்போது ஒடிந்துவிடும்.

கேன் இலையை மட்டும் பிய்த்து வைக்காதே. வேர் வரும், இலையும் மாசக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், ஆனால் குருத்து வராது. கணு இருந்தால்தான் செடி.

*ரெக்ஸுக்கு இலையே போதும்.* நல்ல இலை ஒன்றைத் திருப்பிப் போட்டு, தடித்த நரம்பு கவையாகப் பிரிகிற நாலைந்து இடங்களில் பிளேடால் ஒரு கீறல். பிறகு நிமிர்த்தி, ஈர நார்க்கழிவின் மேல் நரம்பு நன்றாகப் படியும்படி பரப்பு. ஈர்க்குச்சியைக் கொண்டை ஊசி மாதிரி வளைத்து அங்கங்கே குத்தினால் எழும்பாது. மூடியுள்ள பிளாஸ்டிக் ஸ்வீட் டப்பாவில் இதைச் செய்துவிடு, தனியாகச் செலவு வேண்டாம். தினம் ஒரு பத்து நிமிஷம் மூடியைத் திற. டப்பாவை வெயிலில் வைத்தால் இலை அவிந்துவிடும், வெளிச்சம் மட்டும் போதும். ஆறு, எட்டு வாரத்தில் ஒவ்வொரு கீறலிலும் குட்டிக் குட்டியாகச் செடி முளைத்திருக்கும். அதுவரை நோண்டிப் பார்க்காதே!

விதை பக்கம் போகாதே. பொடி மாதிரி இருக்கும், தும்மினால் பறந்துவிடும். வேலைக்குப் போகிறவளுக்கு அது சரிப்படாது.

7. சில்லறை விஷயங்கள். டீத்தூளைச் சர்க்கரையோடு கொட்டாதே, எறும்பு வரும், எறும்பு மாவுப்பூச்சியைக் காவல் காக்கும். மாவுப்பூச்சி வந்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்பு, சாயங்காலம் அடி. ஒரு இலையில் அடித்துப் பார்த்துவிட்டு மறுநாள் மற்றதுக்கு. பூ கொத்தாக உதிர்ந்தால் பதறாதே. ஒரே செடியில் ஆண் பூ, பெண் பூ தனித்தனி. ஆண் பூ சீக்கிரம் உதிரும், பின்னால் மூன்று இறக்கை வைத்த பெண் பூ நாள்படும். தவழுகிற பிள்ளை, நாய், பூனை, ஆடு எட்டாத உயரத்தில் வை. வயிற்றுக்குள் போனால் ஒத்துக்கொள்ளாது.

2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது என் தொட்டி எல்லாம் தாமிரபரணித் தண்ணீரோடு போயிற்று. மறுபடி எனக்குச் செடி வந்தது, நான் எப்போதோ ஒரு டம்ளரில் வேர் விட்டுக் கொடுத்த மதினி வீட்டிலிருந்துதான். அதிலிருந்து தரையில் தொட்டி வைப்பதில்லை, செங்கல் மேல்தான். தண்டு வெட்டினால் ஒன்று எனக்கு, ஒன்று வேறு தெருவுக்கு.

தை மாசம் கேன் செடி நெட்டுக்குத்தாக வளர்ந்து சாய்ந்திருக்கும். தயங்காமல் மூன்று கணு விட்டு வெட்டு, அடியிலிருந்து புதுசாக வெடிக்கும். வெட்டின தண்டைக் குப்பையில் போட்டாய் என்று கேள்விப்பட்டேனோ, அடுத்த பஸ் பிடித்து வந்துவிடுவேன்.