வாஷிங்டனில் பாடிய குதிரைக்காரன்

அன்புள்ள மருமகனுக்கு,

இறக்குவானையிலிருந்து மாமா எழுதுவது. லயத்துத் தண்ணீர்ப் பீலி வற்றிப்போனதைக் கைப்பேசியில் படமாக எடுக்க ஆசை, கையில் காசில்லை என்று எழுதியிருந்தாய். 1938இல் வந்த 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்' என்ற ஹொலிவூட் படத்தைத் தேடிப் பார். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும்.

ரிபப்ளிக் கம்பனி குதிரையையும் துப்பாக்கியையும் பாட்டையும் சேர்த்துக் குறைந்த செலவில் படம் எடுத்த காலம் அது. பழைய படத்துத் துண்டுகளையே புதிய படத்திலும் ஒட்டுவார்கள். இதில் நடிக்க இருந்தவர் ஜீன் ஓட்ரி. சம்பளத் தகராறில் அவர் வராமல்போகவே, பாட்டுக் குழுவொன்றில் பாடிவந்த லெனாட் ஸ்லை என்ற இளைஞனுக்கு ரோய் ரோஜர்ஸ் என்று பெயர் வைத்து நாயகனாக்கினார்கள். ரோஜர்ஸ் கலிபோர்னியாத் தோட்டங்களில் பீச் பழம் பறித்தவர், கூலியாட்களின் முகாமில் படுத்தெழுந்தவர். அவர் பாட்டில் பொய் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

கதையில் ஊர் வறட்சியில் காய்கிறது. தண்ணீர் ஒரு கம்பனியின் கையில். நாயகன் தேர்தலில் வென்று வாஷிங்டன் போகிறான். விருந்துக்கு வந்த பெரிய மனிதர்களிடம் மன்றாடிப் பேசாமல், புழுதி மூடிய நிலங்களின் படத்தைத் திரையில் ஓட்டி, 'டஸ்ட்' என்ற பாட்டைப் பாடுகிறான். இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார். ஒரு குரலும் சில காட்சித் துண்டுகளும்தான் அங்கே உண்டு. குதிரைச் சண்டை எல்லாம் மறந்துபோகும், இது மறக்காது. அந்தப் பாட்டு ஒஸ்கார் பரிந்துரை பெற்றது. படத்தை 2009இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

தமிழிலும் ஒளிப்பதிவாளர் கர்ணன் 1972இல் நடிகர் ஜெய்சங்கரைக் குதிரையேற்றி 'கங்கா' எடுத்தார். கமராவை எங்கே வைப்பது என்று கற்க நல்ல பாடம். ஆனால் அந்த உலகம் எந்த ஊருக்கும் சொந்தமில்லை, அது எனக்குப் பெரிய குறை. தோட்டத் தொழிலாளியைத் திரைக்குக் கொண்டுவந்த நம் நாட்டுப் படம் வேண்டுமென்றால், வி. பி. கணேசனின் 'புதிய காற்று' 1975இல் வந்தது.

இனி உன் படத்துக்கு வருவோம். மழைக்குப் பேர்போன நம் இரத்தினபுரியில் குடிக்கத் தண்ணீரில்லை என்றால் கொழும்பில் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் பேட்டி எடுக்காதே. விடியற்காலையில் குடங்கள் வரிசை நிற்கும்போது பீலிக்கு எதிரே கைப்பேசியை ஒரு கல்லில் சாய்த்து, அசையாமல் எடு. உன் அப்பாயி பாடும் தெம்மாங்கை வேறு நேரத்தில், தகரத்தில் மழை விழாதபோது, தனியாகப் பதிவுசெய். பாட்டு போதவில்லை என்றால் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலில் தேடு. காட்சியைப் பாட்டின் நீளத்துக்கு வெட்டு. காட்சிக்காகப் பாட்டை வெட்டாதே, அப்பாயி மூச்சு வாங்கும் இடமும் இருக்கட்டும்.

வெட்டி ஒட்டியதும் முதலில் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா