கர்ணன்: புகழும் சத்தியமும்

கொச்சி மட்டாஞ்சேரியின் கதகளி அரங்குகளில், பாத்திரத்தின் இயல்பை முகத்தின் வண்ணமே உணர்த்திவிடும். உத்தம நாயகர்களுக்குப் பச்சை வேடம். வீரத்துடன் அகந்தையும் கலந்தவர்களுக்குக் கத்தி வேடம். மாலி மாதவன் நாயர் 20ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘கர்ணசபதம்’ என்னும் ஆட்டக்கதையில் துரியோதனன் கத்தி வேடம். அவனைக் கைவிட மறுக்கும் கர்ணனோ பச்சை வேடம். அதர்மத்தின் பக்கம் நிற்பவனுக்குப் பச்சை பொருந்துமா?

வியாச பாரதத்தின் வனபர்வத்தில், கவச குண்டலங்களைக் கொடுத்துவிடாதே என்று சூரியதேவன் எச்சரிக்கிறான். உயிரினும் புகழே மேல் என்கிறான் கர்ணன். தேரோட்டி மகன் என்ற இழிசொல்லால் புண்பட்ட உள்ளம் புகழையே மருந்தாகக் கொண்டது. அவனது குறை வேர்விடுவது இங்கேதான். பிறர் மதிப்பை நாடுபவன், மதிப்பளித்தவனுக்கு அடிமையாகிறான். துரியோதனனை மகிழ்விக்கவே பாண்டவர்களிடம் கடுஞ்சொல் பேசியதாகப் பின்னர் அவனே வருந்துகிறான்.

உத்தியோக பர்வத்தில் ஸ்ரீகிருஷ்ணர் அவனது பிறப்பை உணர்த்தி, அரசுரிமை அவனுடையதே என்கிறார். கர்ணன் மறுக்கிறான். அந்த இரகசியத்தை யுதிஷ்டிரனிடம் கூற வேண்டாம் என்றும் வேண்டுகிறான். அறிந்தால் யுதிஷ்டிரன் அரசைத் தனக்கே தந்துவிடுவான். தானோ அதைத் துரியோதனனுக்குக் கொடுத்துவிட நேரும். அரசாளத் தக்கவன் யுதிஷ்டிரனே என்கிறான்.

வாழ்நாளெல்லாம் வாட்டிய இழிவைத் துடைக்கவல்ல உண்மையையே மறைக்கச் சொல்கிறான்! புகழ் வேட்கை அடங்கி, சத்தியம் நிமிர்ந்த கணம் அது. ஆயினும் முன்வினையின் பலனிலிருந்து அது அவனை விடுவிக்கவில்லை.

நம் நற்செயல்களில் எவை, ஒருவரும் அறியாவிட்டாலும் நிகழ்ந்திருக்கும்? சாதகன் நாள்தோறும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.