பிடித்த மீனின் பெயர் என்ன?



கோடை வந்ததும் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்து ஆற்றங்கரைகளில் தூண்டிலும் கையுமாகப் பலர் நிற்பதைக் காண்கிறோம். நம்மவர்களும் பிள்ளைகளுடன் அங்கே செல்வதுண்டு. இவ்வாறு பொழுதுபோக்காக மீன் பிடிப்போரிடம், "இது என்ன மீன்?" என்று கேட்டால் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்வார்கள். அப்பெயர் சரியானதுதானா? சிறிதாகத் தோன்றும் இக்கேள்வியின் விடையில் ஒரு மீனினத்தின் வாழ்வே தங்கியுள்ளது.

இரு மீன்கள்

ரொக்கி மலைகளிலிருந்து இறங்கும் குளிர்ந்த ஆறுகளில் புல் ட்ரவுட் என்னும் மீன் வாழ்கிறது. 'புல்' என்றால் ஆங்கிலத்தில் காளை. பெரிய தலையும் அகன்ற வாயும் உடைய இம்மீன் முட்டையிடும் பருவத்தை அடைய 5 முதல் 7 ஆண்டுகள் செல்லும். ஆகவே வளர்ந்த மீன் ஒன்றை இழந்தால் அவ்விழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் வேண்டும். இதன் தொகை குறைந்தமையால், 1995இல் அல்பேர்ட்டா இதனைத் தன் மாகாண மீனாக அறிவித்தது. அவ்வாண்டு முதல் இதனைப் பிடித்து வைத்துக்கொள்வது மாகாணம் முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது.

இதன் உறவினமாகிய புரூக் ட்ரவுட்டும் அங்கே உண்டு. இது கிழக்குப் பகுதிக்குரியது. 20ஆம் நூற்றாண்டில் மேற்கே கொண்டுவந்து விடப்பட்டது. புல் ட்ரவுட்டுடன் உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடுவதோடு, அதனுடன் இணைந்து பெரும்பாலும் மலடான கலப்பு மீன்களையும் தோற்றுவிக்கிறது. முன்னதைக் காக்க வேண்டும். பின்னது பெருகாதிருப்பது நன்று. ஆனால் இரண்டும் பார்வைக்கு ஒத்தவை. இடர் இங்கேதான் தொடங்குகிறது.

தவறுவது ஏன்?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் தூண்டில் போடுவோரிடம் நடத்தப்பெற்று 1999இல் வெளியான ஆய்வொன்றில், புல் ட்ரவுட்டைச் சரியாக இனங்கண்டோர் பாதிப்பேருக்கும் குறைவாகவே இருந்தனர். இதற்காக அவர்களை நாம் எள்ளுதல் தகாது. அறிவியலாளர்களே 1978 வரை இதனை டொலி வார்டன் என்னும் வேறொரு மீனுடன் சேர்த்தே எண்ணிவந்தனர்.

பலர் பருமனையும் நிறத்தையும் பார்த்தே பெயரிடுகின்றனர். நிறமோ வயதுக்கும் பருவத்துக்கும் வாழும் நீருக்கும் ஏற்ப மாறும். பக்கத்தில் நிற்பவர் சொன்ன பெயரை ஆராயாமல் ஏற்பதும் மற்றொரு காரணமாகும்.

அறியும் வழி

முதுகுச் செட்டையை முதலில் நோக்குக.

1. புல் ட்ரவுட்: முதுகுச் செட்டையில் கறுப்புப் புள்ளியோ கோடோ இராது. உடலில் வெளிர் மஞ்சள், செம்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்கும்.

2. புரூக் ட்ரவுட்: முதுகுச் செட்டையில் நெளிந்த கருங்கோடுகள் இருக்கும். உடலின் சிவப்புப் புள்ளிகளைச் சுற்றி நீல வளையம் உண்டு. கீழ்ச் செட்டைகளின் வெண்ணிற ஓரத்தை அடுத்துக் கறுப்புக் கோடு காணப்படும்.

"கறுப்பு இல்லையேல் திரும்ப விடு" என்பதே அல்பேர்ட்டாவில் கற்பிக்கப்படும் எளிய விதி. கல்கரிக்குத் தென்மேற்கேயுள்ள குவேர்க் ஓடையில் 1998இல் தொடங்கிய திட்டமொன்றில், மீன்களை இனங்காணும் தேர்வில் தேறியவர்களுக்கே புரூக் ட்ரவுட்டை வைத்துக்கொள்ள இசைவு வழங்கப்பட்டது. கண் இருந்தால் மட்டும் போதாது. பார்க்கவும் பயில வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

நம் கடமை

அல்பேர்ட்டாவில் 16 வயதுக்குட்பட்டோருக்கு மீன்பிடி அனுமதிப்பத்திரம் தேவையில்லை. எனினும் விதிகள் அவர்களுக்கும் உரியவையே. மீனை ஈரக்கையால், நீரிலேயே வைத்துப் பாருங்கள். ஐயம் எழுந்தால் விட்டுவிடுங்கள். தவறாக விட்ட மீனால் ஒருவேளை உணவே குறையும். தவறாகக் கொன்ற மீன் மீளாது.

அயிரை, ஆரல், கெளுத்தி, விரால் என்று நம் முன்னோர் ஒவ்வொரு மீனையும் வேறுபிரித்துப் பெயரிட்டனர். நாமோ புதிய நாட்டின் ஆற்றில் எல்லாவற்றையும் 'மீன்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். வாழும் நாட்டின் உயிர்களைப் பெயர் சொல்லி அறிதலும் அந்நாட்டுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

பயிற்சி

1. புல் ட்ரவுட்டை ஏன் திரும்ப விடவேண்டும்?
2. நிறத்தை மட்டும் நம்பி மீனை இனங்காண இயலாதது ஏன்?
3. இரு மீன்களையும் வரைந்து முதுகுச் செட்டையின் வேறுபாட்டைக் காட்டுக.

அருஞ்சொல்: செட்டை – மீனின் துடுப்பு