கோரை உன்னை என்ன செய்தது?

அன்புள்ள தம்பிக்கு,

அடையாற்றங்கரையில் நீங்கள் வளர்க்கும் காட்டைப் பற்றிய உன் கட்டுரையை நேற்று இரவு படித்தேன். காலையில் மறுபடியும் எடுத்துப் படித்தேன். இரண்டு தடவையும் ஒரே வரியில் கோபம் வந்தது: “கோரையையும் புதரையும் அகற்றி நிலத்தைச் சுத்தம் செய்தோம்.”

சீமைக்கருவேலத்தை வெட்டினாய், சரி. கோரை உன்னை என்ன செய்தது? விளிம்பு மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேரும் கிழங்கும். சாக்கடை கலந்த தண்ணீரின் வண்டல் அங்கேதான் படிகிறது. தாழைக்கோழி கூடு கட்டுவதும் அதற்குள்தான். 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் புகுந்ததை நீயும் பார்த்திருப்பாய். அப்படியொரு வெள்ளத்தில் கோரையும் நாணலும் படுத்துக் கிடந்து, வடிந்ததும் நிமிரும். நெருக்கி நட்ட இளமரங்களோ பிளாஸ்டிக்கையும் துணியையும் வாரிப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மறிக்கும். கரைக்குப் படிகள் உண்டு, தம்பி. தண்ணீரோரம் கோரையும் சம்பும், கொஞ்சம் ஏறினால் நாணலும் நொச்சியும், மேட்டில் புங்கமும் மருதும். முகத்துவாரத்தை நெருங்கினால் உப்பு ஏறிவிடும். அங்கே வெண்கண்டலையும் உமிரியையும் விட்டு மருதை நட்டால் கருகித்தான் போகும்.

சதுர மீட்டருக்கு 3 கன்று என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். நெருக்கி நட்டுக் காடு வளர்க்க மியாவாக்கி பெயரைச் சொல்லுகிறவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அகிரா மியாவாக்கி நடுவதற்கு முன்னால் ஜப்பானியக் கோயில்களைச் சுற்றித் தப்பிப் பிழைத்திருந்த சோலைகளுக்குப் போய், அந்த மண்ணுக்கு உரிய மரம் எது என்று பார்த்தார். நமக்கும் அப்படிச் சோலைகள் இருக்கின்றன. புதுச்சேரிக்குப் பக்கத்தில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போயிருக்கிறாயா? சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் மிஞ்சிய துண்டு அது. உன் பட்டியலில் காசான் இல்லை, வீரை இல்லை, உலக்கைப்பாலை இல்லை. நாற்றங்காலில் கிடைத்ததை வாங்கி நட்டுவிட்டு ‘நாட்டு மரக் காடு’ என்று தலைப்பும் வைத்துவிட்டாய்.

உன் வயதில் நான் அங்கே விதை பொறுக்கப் போவேன். வெளியே அனல் அடிக்கும். உள்ளே நுழைந்தால் இலைமக்கின் ஈர வாசனை. காசான் பூத்திருந்தால் கிளையை ஒட்டிக் கொத்துக்கொத்தாக நீலம் அப்பிக் கிடக்கும். சுள்ளி ஒடிக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி வந்து, அன்று மாலையே சதையைக் கழுவி, காயவிடாமல் பையில் ஊன்றுவோம். பிறகு காத்திருக்க வேண்டும். இந்த மரங்கள் மெதுவாகத்தான் வளரும். மூன்றே வருஷத்தில் காடு என்று நன்கொடை தருகிறவர்களிடம் சொல்லப் பழகிவிட்டால், வீரையை யார் நடுவார்கள்?

ஊருக்குள்ளேயே உனக்கு முன்மாதிரி இருக்கிறது. 58 ஏக்கர் அடையாறு பூங்கா 2011-ல் திறக்கப்பட்டது. கட்டட இடிபாட்டையும் குப்பையையும் அள்ளி, தண்ணீர் பரவ இடம் விட்டு, அந்த மண்ணுக்கு உரிய செடிகளைத் தேடி நட்டார்கள்.

இவ்வளவு திட்டிய பிறகும் காலையில் மறுபடி படித்தது, வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட அந்தப் பெரியவருக்காக. தன் வீடு இருந்த இடத்தில் நிற்கும் புங்கங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி வருகிறார் என்று எழுதியிருக்கிறாய். ஓர் அடைமொழி கூட இல்லை. ஆற்றைப் பற்றி அண்மையில் தமிழில் நான் படித்த எதுவும் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

அவரிடம் மறுபடி போ. வீடுகள் நெருங்குவதற்கு முன் அந்தக் கரையில் என்னென்ன நின்றன, எதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஐப்பசித் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கேட்டு எழுதிக்கொள். புரட்டாசியிலேயே சரிவில் நொச்சிப் போத்து ஊன்றிவிடு. மேட்டுக்கான பட்டியலை அவர் சொன்னதை வைத்து எழுது. எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்