வான்கோழியைக் கொல்லும் கிருமி பூனையின் வாயிலும் உண்டு



நன்றி நவிலும் நாள் நெருங்கினால் நம் வீடுகளிலும் வான்கோழிப் பேச்சு வந்துவிடும். இந்த இதழில் அந்தப் பறவையைத் தாக்கும் ஒரு பாக்டீரியாவைப் பற்றிப் பார்ப்போம். விருந்துக்காக அல்ல, நம் பிள்ளைகள் ஆசையாய் வளர்க்கும் பூனைக்காக!

பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்பது அதன் பெயர். முற்பாதி பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டரின் நினைவாக வைத்தது. பிற்பாதிக்கு 'பலவற்றைக் கொல்வது' என்று பொருள். பறவைகளுக்கு இது உண்டாக்கும் நோய் கோழிக் காலரா. (மனிதருக்கு வரும் காலரா வேறு கிருமியால் வருவது.) கோழியைவிட வான்கோழியை இது கடுமையாகத் தாக்கும். நேற்றுவரை நன்றாகத் தீனி தின்ற பறவை இன்று காலை செத்துக் கிடக்கும். பிழைத்த பறவைகளின் மூக்கிலும் தொண்டையிலும் கிருமி தங்கிவிடுவதால், அவை குடிக்கும் தண்ணீர் வழியாக மற்றவற்றுக்கும் பரவுகிறது. நம் ஊரில் மாடு, எருமைகளுக்கு வரும் தொண்டை அடைப்பானுக்கும் இதே இனத்தின் வேறு வகைகள்தாம் காரணம்.

1879-இல் பாஸ்டர் இந்தக் கிருமியை ஆராய்ந்தபோது, நாள்பட்ட வளர்ப்பைக் கோழிகளுக்குச் செலுத்தினால் அவை சாகவில்லை என்று கண்டார். பிறகு வீரியமுள்ள கிருமியைச் செலுத்தியும் அவை தாங்கிக்கொண்டன. ஆய்வுக்கூடத்தில் கிருமியின் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசி செய்யும் முறை இப்படித்தான் பிறந்தது.

சரி, நமக்கு இதனால் என்ன? நன்றாக வெந்த இறைச்சியில் இது பிழைக்காது. மனிதருக்கு இது வருவது பெரும்பாலும் பூனை, நாய்க் கடியால்தான். பெரும்பாலான பூனைகளின் வாயில் இந்தக் கிருமி சாதாரணமாகவே இருக்கிறது, பூனைக்கு ஒன்றும் செய்வதில்லை. நாய்களில் பலவற்றுக்கும் உண்டு. நாய்க்கடி பெரிதாகத் தெரியும், உடனே ஓடுவோம். பூனைக்கடியோ ஊசி குத்தியது போல இரண்டு புள்ளிதான். ஆனால் அந்த மெல்லிய பல் ஆழமாக இறங்கி, கிருமியை உள்ளே விட்டுவிடும், மேல்தோல் மூடிக்கொள்ளும். சில மணி நேரத்திலேயே, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், அந்த இடம் சிவந்து வீங்கி விண்விண்ணென்று வலிக்கும். விரலிலோ மணிக்கட்டிலோ கடித்திருந்தால் தசைநாணுக்கும் மூட்டுக்கும் பரவி, அறுவை சிகிச்சை வரைக்கும் போகலாம்.

கடித்தவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். பாட்டி வைத்தியத்தை நாம் குறைத்துப் பேசவில்லை, ஆனால் ஆழத்தில் இருக்கும் கிருமியை மேலே போடும் பொடி எட்டாது. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்ட்டிபயாட்டிக்கை எடுத்து விழுங்க வேண்டாம். செஃபலெக்சின், எரித்ரோமைசின் போன்ற சில மாத்திரைகள் இந்தக் கிருமியிடம் சரியாக வேலை செய்வதில்லை. பொதுவாக அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மருந்தைத் தருவார்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் கேட்பார்கள்.

நம்மவர்களிடையே சர்க்கரை நோய் அதிகம். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெரியவர்களுக்குச் சர்க்கரை நோயோ, கல்லீரல் கோளாறோ, செயற்கை மூட்டோ இருந்தால் பூனை கீறியதையும் புண்ணை நக்கியதையும்கூட அலட்சியம் செய்யக்கூடாது. கைக்குழந்தையின் முகத்தைப் பூனையோ நாயோ நக்க விடாதீர்கள்.

விடுமுறைக்கு இந்தியாவோ இலங்கையோ போகும்போது கடிபட்டால் கதையே வேறு. அங்கே வெறிநோய் அபாயமும் உண்டு. 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசியைத் தொடங்குங்கள். ஊர் திரும்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.