பருவமழைக் கணிப்பும் ஃபோர்ட்ரான் மொழியின் புதிய பதிப்புகளும்

புனே நகரின் பாஷான் பகுதியில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் 2018 ஜனவரியில் 4 பெட்டாஃப்ளாப் திறன் கொண்ட ‘பிரத்யுஷ்’ என்னும் மீத்திறன் கணிப்பொறி நிறுவப்பட்டது. 2024 செப்டம்பரில் 11.77 பெட்டாஃப்ளாப் திறனுடன் ‘அர்கா’ வந்தது. ஆனால், இத்தகைய பொறிகளில் இயங்கும் வானிலை மாதிரிகள் பெரும்பாலும் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டவை. 1957-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட அம்மொழி 77, 90, 2003, 2018 எனப் பல பதிப்புகளைக் கண்டுவிட்டது. எனினும், 77-ஆம் பதிப்பின் நடையில் அமைந்த பகுதிகள் உலகெங்கும் இன்றும் வழக்கில் உள்ளன.

இதனை அறியாமை என்றோ சோம்பல் என்றோ கொள்வது பொருந்தாது. துளையட்டைக் காலத்து மரபுப்படி ஒவ்வோர் ஆணையும் 7-ஆம் கட்டத்திற்கும் 72-ஆம் கட்டத்திற்கும் இடையில் அடங்கவேண்டும் என்பது பழைய விதி. 90-ஆம் பதிப்பு இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஆனால் பழைய நிரல்களையும் ஏற்றுக்கொண்டது. ஆகவே, மாற்றியே தீரவேண்டும் என்ற நெருக்கடி எழவில்லை.

உண்மையான தடை வேறு. நிரலைத் திருத்துவதைவிட, திருத்திய நிரல் முன்போலவே சரியான விடை தருகிறது என நிறுவுவதே பெருஞ்செலவு. கூட்டலின் வரிசையோ, நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் கம்பைலரோ மாறினால் விடையின் கடைசி இலக்கம் மாறக்கூடும். அது அற்பமன்று. 1961-இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லொரென்ஸ் 0.506127 என்ற எண்ணை 0.506 எனச் சுருக்கி இட்டபோது, அவரது மாதிரி முற்றிலும் வேறான வானிலையைக் காட்டியது. பருவமழைக் கணிப்பில் இச்சிக்கல் மேலும் கடினமானது. மாதிரியின் வழக்கமான பிழைகளை அறியக் கடந்த பல ஆண்டுகளின் பருவங்களையும் அதே மாதிரியால் கணித்துப் பார்ப்பது மரபு. நிரல் மாறின், அப்பணியை மீண்டும் செய்யவேண்டும். அன்றேல், வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று எனக் காட்டவேண்டும்.

பொருளியல் நோக்கில், இங்கே செலவைத் தாங்குபவர் ஒருவர், பயனடைபவர் மற்றொருவர். இவ்வாண்டுத் திட்டத்தின் ஊழியர் மாதக்கணக்கில் உழைக்கவேண்டும். பயனோ, பத்தாண்டுக்குப் பின் அந்நிரலைப் பேணுபவரைச் சேரும். ஆண்டறிக்கையில் ‘விடை மாறவில்லை’ என்று எழுதி எவர் பாராட்டுப் பெறுவர்? எனவே, ஒத்திவைப்பதே நடைமுறை அறிவாகிவிடுகிறது. 2020-இல் வெளியான ஜி.சி.சி. 10 கம்பைலர், துணைநிரலுக்கு அனுப்பப்படும் மதிப்புகளின் வகைப் பொருத்தமின்மையைப் பிழையென நிறுத்தத் தொடங்கியது. பல பழைய நிரல்கள் தடைப்பட்டன. ஆனால் அப்பிழையை எச்சரிக்கையாகக் குறைக்கும் விருப்பக் கட்டளையும் உடன் இருந்தது. பலர் அதைச் சேர்த்துவிட்டு மேலே சென்றனர்!

இச்செலவைக் குறைக்க வழி உண்டு. தொடக்க வெப்பநிலையில் மிக நுண்ணிய மாற்றங்கள் செய்து மாதிரியைப் பலமுறை இயக்கினால், விடைகள் இயல்பாகவே எவ்வளவு விலகும் என்பது தெரியும். புதிய நிரலின் விடை அவ்வெல்லைக்குள் அடங்கினால் ஏற்கலாம். அமெரிக்காவின் சி.இ.எஸ்.எம். தட்பவெப்ப மாதிரிக்கு இம்முறை கையாளப்படுகிறது. புதிய கணிப்பொறி வாங்கும்போது இச்சோதனை எப்படியும் தேவைப்படும். ஆதலின் கொள்முதல் மதிப்பீட்டிலேயே நிரல் புதுப்பித்தலுக்கென ஆட்களும் இயக்க நேரமும் தனித் தலைப்பில் ஒதுக்கப்படுமாயின், இரு பணிகளும் ஒரே சோதனையில் முடியும்.