இறப்பு வீட்டில் கேட்க வேண்டியது

அன்புத் தங்கச்சிக்கு,

காரைக்குடிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்திருக்கிறாய் என்றார்கள். தடுப்பூசியும் கர்ப்பப் பதிவும் பழகிவிடும். பிரசவத்தில் ஒருத்தி இறந்த வீட்டுக்குப் போய் விசாரித்து எழுதுவதைத்தான் நமக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை.

நம் பக்கத்துப் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பாய். இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் கிடத்தியிருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளுக்காக வீட்டார் நட்டது. வழிப்போக்கர் சுமையை இறக்கிவைத்தால் அவள் சுமையும் இறங்கும் என்று நம்பினார்கள். அதைக் கேலி பேசாதே. அவள் சாவை ஊர் மறைக்கவில்லை, நாலு பேர் நடக்கும் வழியில் வைத்தது. எதனால் செத்தாள் என்பது மட்டும் அந்தக் கல்லில் இல்லை.

போனதும் "தலையெழுத்து" என்பார்கள், "ஜன்னி கண்டுருச்சு" என்பார்கள். அதோடு பேனாவை மூடிவிடாதே. காய்ச்சலா, வலிப்பா என்று கேள். காய்ச்சலென்றால் கிருமித்தொற்றாக இருக்கலாம். வலிப்பென்றால் பெரும்பாலும் ரத்தக்கொதிப்பு. உதிரப்போக்கு என்றால் மணிக்கணக்கு முக்கியம். நிற்காத உதிரம் இரண்டு மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும். எப்போது தொடங்கியது, கிளம்பலாம் என்று யார் சொன்னது, 108 ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, எந்த ஆஸ்பத்திரி வேறிடம் அனுப்பியது? தாமதம் நம் துறையுடையது என்றால் அதையும் எழுது. அங்கேதான் பலருக்குக் கை நடுங்கும்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் பழி இரண்டு வீட்டுக்கும் நடுவே பந்தாடும். மாமியார் வீட்டில் தனியாகவும் தாய்வீட்டில் தனியாகவும் கேள். புருஷனை வெளியே அழைத்துப் பேசு.

பிள்ளை பிழைத்திருந்தால், "ஆத்தாளை முழுங்கிட்டுப் பொறந்தது" என்று யாராவது ஒரு கிழவி சொல்லுவாள். அந்த இடத்திலேயே, எல்லார் காதிலும் விழும்படி மறுத்துப் பேசு. பிறகு பிள்ளையை எடை போடு, பாலுக்கு என்ன வழி என்று கேள். பெண்பிள்ளை என்றால் அடுத்த வாரமும் போ.

தமிழ்நாட்டில் தாய் இறப்பு விசாரணை 1994-லேயே தொடங்கியது. 2001–03-ல் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார் இறந்தார்கள், 2018–20-ல் 54. ரத்த வங்கி, 108, நர்சுகள் எல்லாம் சேர்ந்து குறைத்தது இது. எங்கே ஓட்டை என்று காட்டியதில் இந்த விசாரணைத் தாள்களுக்கும் பங்குண்டு.

படிவத்தில் "தவிர்க்க முடியாதது" என்று எழுதத் தோன்றினால், எழுதுமுன் எனக்கு ஒரு போன் போடு.

உன் அக்கா